சிக்ஸருக்கு இரண்டு கையும் வேண்டும்

பந்து எங்கே போய் விழுந்தது என்று அன்றைக்கு யாருமே பார்க்கவில்லை.

குரும்பகரத்துப் பையன் ஒருவன் இழுத்து அடித்த டென்னிஸ் பந்து சவுக்குத் தோப்புக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. வழக்கமாக இப்படி ஓர் அடி விழுந்தால் கோட்டுச்சேரிமேட்டு மைதானத்தில் மொத்தக் கூட்டமும் வானத்தை அண்ணாந்து பார்க்கும். அன்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரியாகச் சொல்வதானால், என் வலது தோளைப் பார்த்தார்கள்.

பந்து வீசியவன் இடுப்பில் கை வைத்துத் திரும்பி நின்றான். எல்லைக் கோட்டின் ஓரத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். காலையிலிருந்து மைக்கை விடாமல் பிடித்திருந்த வர்ணனையாளர்கூட வாயை மூடிக்கொண்டார். நீலத் தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நான்தான் அந்த இறுதி ஆட்டத்துக்கு அம்பயர். சிக்ஸர் என்றால் அம்பயர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். என் வலது தோளுக்குள் இருப்பதோ ஆண்டவர் வைத்த மூட்டு இல்லை. உலோகமும் பிளாஸ்டிக்குமாக ஒரு டாக்டர் வைத்தது. அதுவும் தலைகீழாக வைத்தது.

கை ஏறியதா இல்லையா என்பதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். போன வாரம் சைக்கிள் ஓட்டக் கற்ற கதையை ஆரம்பித்து, மாதா கோயில் பாட்டுக் குழுவில் கொண்டுபோய் முடித்துவிட்டேன் என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க விசில் ஊதிப் பிள்ளைகளை நேர்க்கோட்டில் ஓடவிட்டவள் நான். எழுத உட்கார்ந்தால் மட்டும் கோடு கோணிக்கொள்கிறது.

அம்மாக்கள் என் மாணவிகள்

இந்தத் தொடரைப் புதிதாகப் பிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் காரைக்காலில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் ஸ்டெல்லா. கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்துக்குள் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. டீச்சர் வீடு என்று கேட்டால் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

கடலில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் கோட்டுச்சேரிமேட்டில், சுருக்கமாக மேட்டில், விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும். இளவட்டங்களுக்கு வேலை இருக்காது. குரும்பகரம் பக்கம் அறுவடையெல்லாம் முடிந்து வயல் காய்ந்து கிடக்கும். அங்கேயும் வேலை குறைவு. ஆகவே வருடா வருடம் அந்த வெயிலில்தான் சுற்றுவட்டார ஊர்களுக்குள் கிரிக்கெட் போட்டி நடக்கும்.

போட்டி என்றால் சண்டையும் சேர்ந்துதான். மேட்டு ஆள் அம்பயராக நின்றால் குரும்பகரத்துக்காரர்கள் நம்பமாட்டார்கள். அவர்கள் ஆள் நின்றால் இவர்கள் நம்பமாட்டார்கள். ஒரு வருடம் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் துரத்தியிருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வருடம்தான் செல்வம் என் வீட்டுக்கு வந்தான். மேட்டு அணிக்கு அவன்தான் கேப்டன், போட்டிக் குழுவுக்கும் அவன்தான் செயலாளர். நீங்கள் வந்து நில்லுங்கள் என்று கேட்டான். ஏனடா, ஊரில் ஆம்பளைகளே இல்லையா என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை.

"ரெண்டு ஊர்லயும் ஆடுறவன் அம்மா பாதிப்பேரு உங்ககிட்டதான டீச்சர் படிச்சுருக்காங்க. நீங்க நின்னா ஒருத்தனும் ஸ்டம்ப பிடுங்க மாட்டான்."

அது உண்மை. செல்வத்தின் அம்மா தனலட்சுமி என்னிடம் கோ-கோ ஆடியவள். அவள் ஓடினால் புடவைத் தலைப்பைக்கூடத் தொட முடியாது என்று மற்ற டீச்சர்கள் சொல்வார்கள். பாவாடை தாவணியில் ஓடிய பெண்ணுக்கு ஏது புடவைத் தலைப்பு என்று நான் திருத்துவேன். திருத்துவது என் தொழில் வியாதி.

காட்டன் புடவை, கான்வாஸ் ஷூ, வெள்ளைத் தொப்பி. அப்படித்தான் போய் நின்றேன். சின்ன வயதிலிருந்தே கிரிக்கெட் சட்டங்களைப் பாடம்போலப் படித்து வைத்திருந்தேன். பல வருடம் அந்த மைதானத்தில் நான் கை காட்டியதுதான் கணக்கு. எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் இந்தப் பேனாவே நம்பாது.

கை நின்றுபோன இடம்

கல்லூரியில் நான் ஈட்டி எறிந்தவள். பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க எறிந்தேன், குண்டு போட்டேன், கயிறு இழுத்தேன். தோள் அத்தனையையும் பேசாமல் வாங்கிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது.

முதலில் வலிதான் இருந்தது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிவிடச் சொன்னேன். என் வீட்டுக்காரர் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இவர் நீவினால் மின்கம்பத்துக்குப் பெயின்ட் அடிப்பது போலத்தான் இருக்கும். வலி குறையவில்லை.

அப்புறம் வலியைவிட வினோதமான ஒன்று வந்தது. கையைத் தூக்கப் பார்த்தால் தோள் மட்டும் காதுவரை ஏறும், கை மார்புக்கு மேல் வராது. கொடியில் துணி போட முடியவில்லை. அடுக்களையில் மேல் தட்டை எட்ட முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் இடது கையால் சமாளித்தேன்.

மைதானத்தில் சமாளிக்க முடியவில்லை. அரையிறுதி ஆட்டம் ஒன்றில் பந்து தாழ்வாகப் பறந்து எல்லையைத் தாண்டி விழுந்தது. சிக்ஸர் என்று இரண்டு கையையும் தூக்கினேன். இடது கை மேலே போனது. வலது கை மார்போடு நின்றுவிட்டது.

கிரிக்கெட்டில் ஒரு கையை மட்டும் விரித்துத் தலைக்கு மேல் தூக்கினால் அதற்கு வேறு அர்த்தம். 'பை' என்று அர்த்தம். மட்டையில் படாத பந்துக்கு ஓடி எடுக்கும் ரன். ஸ்கோர் எழுதியவர் திருவேட்டக்குடிக்காரர், மைதானத்தின் அந்தக் கோடியில், கண்ணில் வெயில் அடிக்க உட்கார்ந்திருந்தார். பந்து போன இடம் அவருக்குத் தெரியவில்லை. என் கையைப் பார்த்தார், 'பை' என்று ஒரு ரன் எழுதிவிட்டார்.

பலகையில் ஆறு ஏறாமல் ஒன்று ஏறியதும் மட்டை பிடித்த அணி உள்ளே ஓடி வந்தது. ஆட்டத்தை நிறுத்தி, ஸ்கோரரிடம் நடந்துபோய், ஆறு என்று மாற்றச் சொன்னேன். அப்போது எதிர் அணி ஓடி வந்தது. அம்பயர் முதலில் ஒன்று கொடுத்துவிட்டு இப்போது ஆறு கொடுக்கிறார், இது என்ன நியாயம் என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். நான் கொடுத்த தீர்ப்பை நானே மாற்றினேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அதனால் அத்தனை பேர் நடுவில் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று.

"தீர்ப்பு மாறலப்பா. எனக்குக் கைதான் ஏறல."

எல்லோரும் சட்டென்று அமைதியாகிவிட்டார்கள். அந்த அமைதியை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பொன்னாடை

அடுத்த வருடம் செல்வம் தாம்பாளத் தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்தான். அவன் வந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அம்பயரைக் கூப்பிட யாரும் பழம் கொண்டுவர மாட்டார்கள். இந்த முறை நீங்கள் சிறப்பு விருந்தினர் என்றான்.

நம் ஊரில் ஓர் ஆளை மரியாதையாக வெளியே அனுப்ப வேண்டுமென்றால் பொன்னாடை போர்த்திவிடுவார்கள். எனக்கும் போர்த்தினார்கள். உச்சி வெயிலில் அந்த ஜரிகைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தெல்லாம் அரித்தது. கையில் இளநீர் கொடுத்தார்கள். உள்ளே டவுனிலிருந்து வந்த ஒரு தம்பி அம்பயராக நின்று நோ-பாலைக் கூடக் கவனிக்காமல் விட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சால்வையைக் கழற்றி எறிந்தேன். இடது கையால் எறிந்ததால் அது பக்கத்திலேயே விழுந்தது. இவர் அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு, டாக்டரிடம் போவோமா என்று கேட்டார். அழுதேன். ஆமாம் என்றேன்.

எலுமிச்சம்பழமும் தட்டும்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தோளுக்கென்றே இருக்கும் டாக்டரிடம் போனோம். என் மகள் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. கம்ப்யூட்டர் திரையில் என் தோளைக் காட்டி விளக்கினார். நான் புரிந்துகொண்டதை வீட்டில் வந்து இவருக்கு ஒரு எலுமிச்சம்பழத்தையும் காபி டம்ளர் வைக்கும் சின்னத் தட்டையும் வைத்துச் செய்து காட்டினேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

நம் கை எலும்பின் உச்சி ஒரு பந்து. தோள்பட்டை எலும்பில் அது உட்காரும் இடம் ஆழமில்லாத ஒரு தட்டு. தொடை மூட்டில் கிண்ணம் ஆழம், அதனால் அங்கே உறுதி அதிகம், ஆட்டம் குறைவு. தோளில் தட்டு மேலோட்டமானது, அதனால்தான் நாம் கையை இத்தனை பக்கம் சுழற்ற முடிகிறது.

தட்டின் மேல் எலுமிச்சம்பழம் தானாக நிற்குமா? அதைச் சுற்றி நான்கு சின்னத் தசைகள் இருந்து, நழுவாமல் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. தோளின் மேல் குல்லாபோலக் கவிந்திருக்கும் பெரிய தசை ஒன்று கையை மேலே இழுக்கிறது. சின்னவை பிடிக்க, பெரியது இழுக்க, பந்து இருந்த இடத்திலேயே உருளும், கை உயரும்.

என் தோளில் அந்தச் சின்னத் தசைகள் பழைய கயிறுபோல இழை இழையாக அறுந்து சுருங்கிப் போயிருந்தன. பிடிக்க ஆள் இல்லை. பெரிய தசை பாவம், தன் வேலையைச் செய்கிறது, இழுக்கிறது. பந்து உருளாமல் அப்படியே மேலே நழுவிப் போய்க் கூரை எலும்பில் முட்டிக்கொள்கிறது. அதனால்தான் தோள் காதுவரை ஏறியும் கை ஏறவில்லை. முட்டி முட்டி மூட்டும் தேய்ந்துவிட்டது.

சரி, தேய்ந்த பந்தை எடுத்துவிட்டுப் புதுப் பந்து வைப்பார்கள் என்று நினைத்தேன். அது உதவாது என்றார் டாக்டர். புதுப் பந்தையும் பிடிக்க ஆள் இல்லையே. ஆகவே இடத்தை மாற்றிவிடுவார்களாம். தட்டு இருந்த இடத்தில், தோள்பட்டை எலும்பில், ஒரு பந்தைத் திருகி வைப்பார்கள். பந்து இருந்த இடத்தில், கை எலும்பின் உச்சியில், ஒரு கிண்ணத்தை வைப்பார்கள். தலைகீழ்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆண்டவர் ஒரு காரணத்தோடு வைத்ததை இப்படிப் புரட்டிப்போட்டால் எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் முகம் மாறாமல் சொன்னார்.

"நாலு பிளேயர் வரலன்னா மேட்ச நிறுத்திடுவீங்களா டீச்சர்? வந்தவங்களை வச்சு ஃபீல்டிங்க மாத்தி நிறுத்துவீங்கள்ல. அதத்தான் நானும் செய்யப் போறேன்."

இதைவிட எனக்குப் புரியும்படி யாரும் சொல்லியிருக்க முடியாது. பந்து தோள்பட்டையோடு திருகப்பட்டுவிட்டதால் அது எங்கேயும் நழுவாது. கிண்ணம் அதன் மேல் சுழலும். கை சுழலும் மையம் முன்பிருந்ததைவிட உள்ளே தள்ளியும் கீழே இறங்கியும் வந்துவிடும். அதனால் பெரிய தசைக்கு இழுவையும் அதிகம், பிடிமானத் தூரமும் அதிகம். அடிபம்பின் கைப்பிடியை நடுவில் பிடித்து அடிப்பதற்கும் நுனியில் பிடித்து அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். நான்கு பேர் செய்த வேலையையும் சேர்த்து அந்தப் பெரியவன் ஒருவனே பார்த்துக்கொள்வான்.

இவர் எலுமிச்சம்பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அதைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு, போய்ச் செய்துகொண்டு வருவோம் என்றார்.

ஸ்டாண்ட் அட் ஈஸ்

மேலே கை போகும் என்ற ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தவள் நான். பின்னால் கை போவது குறையும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து, தொங்கல் பட்டையில் கையை மாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த வாரங்களில்தான் புரிய ஆரம்பித்தது. நாற்காலியிலிருந்து எழும்போது அந்தக் கையைப் பின்னால் ஊன்றவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஊன்றினால் கிண்ணம் பந்தைவிட்டுக் கழன்றுவிடலாம். பட்டையைக் கழற்றிய பிறகும் கை இடுப்புக்குப் பின்னால் போக மறுத்தது.

உடற்கல்வி ஆசிரியைக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குத் தெரியுமா? காலை வணக்கக் கூட்டத்தில் "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்று நான் ஒரு சத்தம் கொடுத்தால் பள்ளிக்கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் கைகளைப் பின்னால் கட்டும். நானும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நின்றிருக்கிறேன். பேருந்து நிறுத்தத்தில், பூசையில், என் கல்யாண போட்டோவில்கூட. அந்த நிலை இனி எனக்கு இல்லை. முன்னால் கைகட்டி நிற்கப் பழகிக்கொண்டேன்.

கொண்டையும் போயிற்று. உச்சந்தலையைத் தொட முடிகிற கைக்குப் பிடரியில் முடியைச் சுற்றி முடிய வரவில்லை. இவர்தான் கற்றுக்கொண்டார். முதல் நாள் இவர் போட்ட கொண்டையில் என் புருவம் இரண்டும் மேலே ஏறிவிட்டன. கம்பி தொய்ந்தால் ஆபத்து என்று பழகிய கை. சர்ச்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, என்ன டீச்சர் எதையோ பார்த்துப் பயந்தது போல இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

இப்போது நன்றாகப் போடுகிறார். முடிந்ததும் ஒரு தட்டுத் தட்டிவிடுவார். அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கும்.

மொட்டை மாடியில் அல்லேலூயா

பிசியோதெரபிக்கு வந்த பெண் கவிதா என்னை ஒரு கண்ணாடி முன்னால் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னாள். தோள் பழையபடி காதுக்கு ஓடியது. மூட்டை மாற்றியாகிவிட்டது, பழக்கத்தை யாரும் மாற்றவில்லையே. பெரிய தசைக்கு இன்னும் தன் புது வேலை தெரியவில்லை என்றாள்.

முதலில் படுக்க வைத்தாள். படுத்திருந்தால் கையின் பாரம் குறைவு. அப்படியே உயர்த்திப் பழக்கினாள். பிறகு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி, பிறகு உட்கார்ந்தபடி, பிறகு நின்றபடி. தோளின் வெளிப்பக்கத்தில் விரல் வைத்து, இது மட்டும் வேலை செய்யட்டும், கழுத்து சும்மா இருக்கட்டும் என்பாள். நான் எத்தனையோ பெண்களை இப்படி நச்சரித்திருக்கிறேன். நச்சரிக்கப்படுவது எவ்வளவு எரிச்சல் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலையில், யாரும் சொல்லாமலே, அடுக்களையின் மேல் தட்டிலிருந்து ரவை டப்பாவை எடுத்துக் கீழே வைத்தேன். வைத்த பிறகுதான் எந்தக் கையால் எடுத்தேன் என்று பார்த்தேன். மறுபடி மேலே வைத்து, மறுபடி எடுத்தேன். அன்று உப்புமா பிடிக்காதவர்கள்கூட எங்கள் வீட்டில் உப்புமாதான் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு தினமும் மாலையில் மொட்டை மாடியில் சிக்னல் பழகினேன். வைடுக்கு இரண்டு கையும் பக்கவாட்டில். நோ-பாலுக்கு ஒரு கை. சிக்ஸருக்கு இரண்டும் மேலே. எதிர் வீட்டு மாடியில் துணி எடுக்க வந்த பெண்மணி சில நாள் பார்த்துவிட்டு, நீங்களும் அல்லேலூயா ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டீர்களா என்று மகிழ்ச்சியோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சிக்ஸர் என்று விளக்கியிருந்தால் டாக்டரை மாற்றச் சொல்லியிருப்பார்.

டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன். தூக்கலாம், எறியக் கூடாது, பாரம் சுமக்கக் கூடாது, முக்கியமாக விழக் கூடாது என்றார். அம்பயர் இவற்றில் எதையும் செய்ய வேண்டியதில்லை.

தடைக்காலம் வந்தது. செல்வம் மறுபடி பழத்தட்டோடு வந்தான். பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இறுதி ஆட்டத்துக்கு நான்தான் நிற்பேன் என்றேன். அவன் தரையைப் பார்த்தான். அவனுக்கு என் மேல் பாசம் உண்டு. பாசத்தில்தான் தயங்கினான்.

"நடுவுல கை நின்னுடுச்சுன்னா சண்டையாயிடும் டீச்சர். அதுக்கப்புறம் எந்த ஊரும் உங்களை நிக்கச் சொல்லாது."

நின்றுவிட்டால் நானே இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றேன். இரண்டு கேப்டன்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றான். குரும்பகரத்துக் கேப்டன் உடனே ஒப்புக்கொண்டான். மேட்டுக்காரர்களை நான் கொஞ்சம் அதிகமாக மிரட்டுவேன் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

எல்லோரும் பார்த்த கை

ஆக, பந்து சவுக்குத் தோப்பைத் தாண்டிவிட்டது. மைதானம் என் தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தூக்கினேன். கழுத்து சும்மா இருந்தது. பெரியவன் ஒருவனே இழுத்தான். இரண்டு கைகளும் சமமாக, காதை ஒட்டி, உச்சிக்குப் போய் நின்றன. ஸ்கோரர் தன் கையை உயர்த்தி, பார்த்துவிட்டேன் என்று காட்டினார். கூட்டம் ஓவென்று இரைந்தது. வர்ணனையாளருக்கு உயிர் வந்து, நமது டீச்சரின் அறுவை சிகிச்சை செய்யப்பட்ட பொற்கரம் உயர்ந்துவிட்டது என்று திருவேட்டக்குடிவரை கேட்கும்படி அறிவித்தார்.

நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அது அதோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான் கையை அசைத்தால் கைதட்டல். நோ-பால் கொடுத்தேன், கைதட்டல். வைடு கொடுத்ததற்குக் கைதட்டல் வாங்கிய அம்பயர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பந்து வீசியவனே, பரவாயில்லை டீச்சர் என்று சிரித்துவிட்டுப் போனான். அது வைடா இல்லையா என்று முறைக்க வேண்டியவன் அவன்.

ஓவருக்கு ஓவர் எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. தத்தி நடக்கும் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். இதற்குச் சால்வையே தேவலாம் என்று தோன்றியது. கை ஏறிவிட்டது, ஆனால் நான் இன்னும் அம்பயர் ஆகவில்லை.

இரண்டாவதாக ஆடிய மேட்டு அணி கடைசி ஓவரில் வெற்றிக்கு நெருங்கிவிட்டது. களத்தில் செல்வம். ஒரு பந்தைத் தட்டிவிட்டு ஓடினான். இரண்டு ரன் எடுத்துத் திரும்பி, மூன்றாவதுக்கு என் பக்கம் ஓடி வந்தான். தூரத்திலிருந்து வந்த பந்தைப் பந்து வீசியவன் பிடித்து ஸ்டம்பில் அடித்தான். பெயில்ஸ் தெறித்தன.

நான் பக்கவாட்டில் நகர்ந்து கோட்டுக்கு நேராக நின்றிருந்தேன். பெயில்ஸ் தெறித்த நேரத்தில் செல்வத்தின் மட்டை நுனி சுண்ணாம்புக் கோட்டின் மேல் இருந்தது. கோட்டைத் தாண்டி உள்ளே ஊன்றியிருக்க வேண்டும். கோட்டின் மேல் என்றால் அவுட்.

வலது கையை நேராக உயர்த்தி விரலைக் காட்டினேன்.

செல்வம் நம்பவில்லை. மட்டையைக் கீழே போட்டான்.

"என்ன டீச்சர் குடுக்குறீங்க? நான் எப்பயோ உள்ள வந்துட்டேன். பார்த்தீங்களா இல்லையா நீங்க?"

விரலை இறக்கவில்லை. மேட்டுக் கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. குடையை மடக்கிக்கொண்டு தனலட்சுமி எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டாள். அநியாயம் டீச்சர், எம்புள்ள உள்ள வந்ததை நாங்க எல்லாரும் பார்த்தோம் என்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து தன் பிள்ளையின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. குரும்பகரத்துக்காரர்கள் என்னைச் சுற்றிக் குதித்தார்கள். வர்ணனையாளர், இது சர்ச்சைக்குரிய தீர்ப்பு என்று மைக்கில் சொன்னார். பொற்கரம் என்று சொல்லவில்லை.

"கோட்டு மேல இருந்துச்சு மட்டை. அவுட்டுதான். நடடா."

அவன் நின்று முறைத்தான். நானும் முறைத்தேன். அவன் மட்டையைப் பொறுக்கிக்கொண்டு, எதையோ முணுமுணுத்துக்கொண்டே, தார்ப்பாய்ப் பந்தல்வரை போய்ச் சேரும்வரை என் கை மேலேயே இருந்தது. ஒருத்தரும் கை தட்டவில்லை. எனக்கு உடம்பெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

குரும்பகரம் ஜெயித்தது. கோப்பை கொடுக்கும்போதும் மேட்டுப் பையன்கள் என்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஸ்டம்பை மட்டும் யாரும் பிடுங்கவில்லை.

இவரோடு ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்த ரன்-அவுட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். மட்டை எங்கே இருந்தது, பெயில்ஸ் எப்போது தெறித்தது, நான் எங்கே நின்றேன். இவர் கேட்டுக்கொண்டே வந்தார். கோட்டுச்சேரி கடைத்தெருவில் வேகத்தைக் குறைத்தபோது லேசாகத் தலையைத் திருப்பினார்.

"அது இருக்கட்டும். தோளு எப்படி இருக்கு?"

"எந்தத் தோளு?" என்றேன்.